இரண்டு தடவை பிரிக்கப்பட்ட சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கால் மணி நேரம் பேசுங்கள், தேர்தலைப் பற்றிப் பேசுங்கள், கட்சி அரசியல் மட்டும் வேண்டாம் என்று சொல்லித்தான் என்னை இந்த வானொலி நிலையத்துக்கு அழைத்தார்கள். தேயிலைத்தூள் போடாமல் பிளேன்டி ஊற்றச் சொல்கிற மாதிரிதான் இது. சரி, முயன்று பார்க்கிறேன். கொஞ்சம் சாயம் இறங்கிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். முப்பத்திரண்டு வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பித்தேன். நாடே கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற 2022இல்தான் எனக்கு ஓய்வு வந்தது. பிரியாவிடை விழாவுக்குப் பால் தேநீர் கொடுக்கப் பால்மா கிடைக்கவில்லை, பிளேன்டியோடு முடித்தோம். எனக்கு அது குறையாகவே படவில்லை.

கணக்கு டீச்சர் என்பதால் எனக்குத் தேர்தல் என்றால் முதலில் எண்கள்தான் கண்ணில் படும். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்தது இலங்கையின் ஒன்பதாவது ஜனாதிபதித் தேர்தல். 1982இல் நடந்தது முதலாவது. அன்றிலிருந்தே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று விருப்பு போடலாம் என்று சட்டம் இருக்கிறது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் போட்டியிலிருந்து நீங்குவார்கள். நீங்கியவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மறுபடி எடுத்து, அவற்றில் இரண்டாவது விருப்பு யாருக்கு, அதுவும் நீங்கியவருக்கென்றால் மூன்றாவது யாருக்கு என்று பார்த்து, அந்த இரண்டு பேரின் கணக்கில் சேர்க்க வேண்டும். எழுதி வைத்ததோடு சரி. எட்டுத் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே காரியம் முடிந்துவிட்டது. 2005இல் மஹிந்த ராஜபக்ஷவுக்கு 50.29 சதவீதம், மயிரிழைதான், அப்போதும் இரண்டாவது எண்ணிக்கைக்குத் தேவை வரவில்லை. சாமி அறையில் துணியில் சுற்றி வைத்த வெள்ளி விளக்கு மாதிரி, நாற்பத்திரண்டு வருடம் அந்தச் சட்டத்தை யாரும் ஏற்றிப் பார்த்ததில்லை.

இந்த முறை ஏற்றினார்கள். அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 வாக்கு, 42.31 சதவீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. பாதியை யாரும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, இலங்கையின் வரலாற்றில் முதல் தடவையாக, விருப்பு வாக்கை எண்ண உட்கார்ந்தார்கள். அப்படிச் சேர்ந்தது அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. முடிவு மாறவில்லை. ஆனால் அந்த இரண்டு சிறிய எண்களில் ஒன்றில் நான் இருக்கிறேன்.

எப்படி என்று சொல்கிறேன். நான் ஒன்றைப் போட்டது மலையகத்திலிருந்து சுயேச்சையாக நின்ற ஒருவருக்கு. அவர் வெல்ல மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நம்மாள் ஒருவர் பெயர் ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் இருக்கும்போது தாண்டிப் போக மனம் வரவில்லை. இரண்டை முன்னால் நின்ற இருவரில் ஒருவருக்குப் போட்டேன். யாருக்கென்று சொல்ல மாட்டேன், நிலையத்தாருக்கு நானும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா? ஆக, என் சீட்டை ஒரு தடவை பிரித்து ஒரு கட்டில் வைத்தார்கள். அப்புறம் மறுபடி எடுத்து, யாரோ ஒரு உத்தியோகத்தர் நித்திரைக் கண்ணோடு விரலை மேலிருந்து கீழே ஓட்டி, இரண்டு என்ற எண் எங்கே இருக்கிறது என்று தேடியிருப்பார். எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய விருப்பத்தை அரசாங்கம் தேடிப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தாத்தாவிலிருந்து தொடங்குகிறேன். தாத்தா 1947இல் வாக்களித்தவர். சுதந்திரத்துக்கு முந்திய அந்தப் பொதுத்தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு ஆசனம் கிடைத்தது. மலையில் இருந்து இறங்கி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாக்குப் போட்டதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, இந்திய வம்சாவளி என்று சொல்லி எங்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களில் வாக்கும் போய்விட்டது. விண்ணப்பித்தால் பிரஜாவுரிமை தருவதாகச் சொன்னார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. எத்தனை வருடமாகத் தொடர்ச்சியாக இங்கே இருக்கிறாய், அத்தாட்சி காட்டு என்றால், கவ்வாத்துக் கத்தி பிடித்த மனிதர் எதைக் காட்டுவார்? தாத்தாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது.

அப்பா இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார், இந்தத் தோட்டத்தில்தான் 1986இல் காலமானார். இடையில் ஒரு நாளும் வாக்களித்ததில்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். எங்கள் ஆட்கள் மொத்தம் 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். வகுத்தல் கணக்கில் மீதி வருமே, அப்படி. 1974இல் அந்த மீதியையும் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிள்ளைகளுக்கு வகுத்தல் படிப்பிக்கும்போது மீதியை ஒரு மூலையில் எழுதி வட்டம் போடச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அப்பாவின் நினைப்பு வரும்.

பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிடப் போனோம். எனக்குப் பத்துப் பதினொரு வயது. தலைமன்னாருக்குப் போகும் அந்தக் கோச்சிக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். பெட்டிக்குள்ளே இருப்பவர்களும் அழுவார்கள், பிளட்பாரத்தில் நிற்பவர்களும் அழுவார்கள். பெரியம்மா ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்தவர் கோச்சி நகர்ந்தும் விடவில்லை, அம்மா கொஞ்ச தூரம் கூடவே ஓடினார். அவர்கள் பிறகு நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய் அங்கேயும் தேயிலைதான் பறித்தார்கள்.

1988இல் வந்த சட்டத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்பா போய் இரண்டு வருடம். அதனால்தான் எனக்கு ஆசிரியர் நியமனமும் கிடைத்தது. அதுவரை ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டுப் பிள்ளைக் காம்பிராவில் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வருடக் கடைசியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியிருக்கவில்லை. ஏறியிருந்தாலும் போயிருப்போமோ என்னவோ. வாக்களிக்கப் போகக் கூடாது என்று ஜே.வி.பி., அதாவது மக்கள் விடுதலை முன்னணி, மிரட்டிய தேர்தல் அது. நாடு முழுவதும் 55 சதவீதம்தான் வாக்கு விழுந்தது.

ஜனாதிபதித் தேர்தலில் எங்களுடைய முதல் வாக்கு 1994 நொவெம்பரில். அந்தத் தேர்தலிலும் பயம் இருந்தது, வேட்பாளராக நின்ற காமினி திசாநாயக்க இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கொழும்பில் குண்டு வெடித்து இறந்திருந்தார். அம்மா அன்றைக்கு நாட்சம்பளம் போகுமோ என்று கேட்டுக்கொண்டே வந்தார். விரலுக்கு மை பூசுகிற பையன் அம்மாவின் விரலைப் பிடித்துப் பார்த்து விழித்தான். இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்த விரல், நகக்கண் வரை கறுத்துக் கிடந்தது. மை எங்கே பூசினாலும் தெரியவில்லை. மேலதிகாரியைப் பார்த்தான், அவர் இன்னும் கொஞ்சம் பூசச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அந்த விரலைத் தனியாக நீட்டிக்கொண்டே வந்தார், ஏதோ காயம் பட்ட மாதிரி.

இந்த வருடம் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. த்ரீவீலில்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாக்குச்சாவடி நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலை. என் வகுப்பறையே. கரும்பலகையில் அரைகுறையாக அழித்த ஒரு பின்னம் தெரிந்தது, கை துறுதுறுவென்று வந்தது, அடக்கிக்கொண்டேன். முப்பத்தொன்பது பெயர் அச்சிட்ட சீட்டு, இரண்டடிக்கு மேல் நீளம். அட்டைப்பெட்டி மறைப்புக்குள் அதை முழுதாக விரிக்க இடம் இல்லை. எனக்கு முன்னால் போன அக்கா ஒருவர் சீட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன, சேலை மாதிரி வந்துகிட்டே இருக்கு" என்றார். உத்தியோகத்தர்களும் சிரித்துவிட்டார்கள். அம்மா மை பூச விரலை நீட்டினார். கொழுந்துக் கறை போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. மை பளிச்சென்று விழுந்தது.

அன்றிரவு பத்து மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் மதியம் வரை நீடித்தது. ஊரடங்கு என்றதும் எங்கள் வயதுக்காரர்களுக்கு வயிறு கலங்கும், 77இலும் 83இலும் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்கள் கண்ணுக்குள் வந்து போகும். அம்மா பழைய பழக்கத்தில் அடையாள அட்டைகளையும் நகையையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கல் எறியவில்லை, கடை எரியவில்லை, வென்றவர் ஆட்கள் பட்டாசு கொளுத்தக்கூட யோசித்தார்கள். ஜனாதிபதியாக இருந்தவர் தோற்றார், தோல்வியை ஒப்புக்கொண்டார், போனார். திங்கட்கிழமை காலை புதியவர் சத்தியப்பிரமாணம் செய்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடிப்போக வேண்டி வந்த ஊர் இது. அதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த அமைதியின் பெறுமதி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு எடுத்ததும் லயத்துப் பையன்கள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் பழைய மாணவர்கள். ஒருவன் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறான், வாக்குப் போடவே ராத்திரி பஸ்ஸில் வந்தவன். "டீச்சர், ரெண்டாவது எண்ணிக்கைன்னா மொத்தச் சீட்டையும் திரும்ப எண்ணுவாங்களா?" என்று கேட்டான். கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். புரிந்ததும் இன்னொருவன் முகம் வாடிவிட்டது. "நான் புள்ளடி மட்டும்தானே போட்டேன், அப்போ என் வாக்கு வேஸ்டா?" வேஸ்ட் இல்லை தம்பி, ஒரு புள்ளடியும் ஒன்றாம் விருப்புத்தான், நீ இரண்டாவதைச் சொல்லாமல் விட்டாய், அவ்வளவுதான் என்றேன். சொல்லாமல் விட்டது அவன் குற்றமா? தொழிற்சங்கத்துக்காரர்கள் மேடைக்கு மேடை வந்து, இந்தச் சின்னத்துக்கு ஒரு புள்ளடி போடு, மற்றதைப் பார்க்காதே என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனிமேல்தான் சாயம் கொஞ்சம் இறங்கும்.

எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்றவர் புதிய ஜனாதிபதி இல்லை, சஜித் பிரேமதாச. வடக்கிலும் கிழக்கிலும் அப்படித்தான். தமிழ் மக்களில் பெரும்பாலானவர்கள் இந்த மாற்றத்தைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. புதிய ஜனாதிபதியின் கட்சியான ஜே.வி.பி. ஆரம்ப காலத்தில் தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அந்த விஸ்தரிப்புக்கு இங்கே கருவியாக இருப்பவர்கள் என்று அதில் காட்டப்பட்டவர்கள் யார் தெரியுமா? நாங்கள்தான். மலைக்கு மேலே அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு கொழுந்து பறித்த என் அம்மா. இதைச் சொன்னால், டீச்சர், அது அந்தக் காலம், இப்போது அவர்கள் தேசிய மக்கள் சக்தி என்ற கூட்டணி என்று பையன்கள் சொல்கிறார்கள். ஹட்டனுக்கே வந்து 2023இல் பிரகடனம் செய்தார்களே, காணி, வீடு, சம்பளம் எல்லாம் அதில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறதுதான். வாசித்துப் பார்த்தேன். பிரகடனங்களை வாசித்து வாசித்தே எனக்குக் கண்ணாடி நம்பர் ஏறிவிட்டது.

சம்பளக் கதையைப் பாருங்கள். நாளுக்கு ஆயிரம் ரூபாவுக்கே எத்தனை வருடம் மறியல், எத்தனை ஊர்வலம். 2024 மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் 1,700 ரூபா என்றார்கள். கம்பனிகள் கோர்ட்டுக்குப் போயின. தேர்தலுக்குச் சற்று முன்னால் 1,350 என்று முடிந்தது. அதுவும் பறிக்கிற கிலோவைப் பொறுத்தது, நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். இதெல்லாம் ஒரு தேர்தலால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற வயது எனக்கு இல்லை.

அப்படியானால் எதற்கு நம்பிக்கை என்று கேட்பீர்கள். 1988இல் வாக்குப் போடாதே என்று மிரட்டிய இயக்கத்திலிருந்து வந்த கட்சி, 2019இல் மூன்றே மூன்று சதவீதம் வாங்கியபோதும் மறுபடி மக்களிடமே வந்து கேட்டு, வாக்கினாலேயே ஆட்சிக்கு வந்திருக்கிறது. தம்புத்தேகமவில் சாதாரணக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவர். எதிரே நின்றவர்களில் இருவர் முன்னாள் ஜனாதிபதிகளின் பிள்ளைகள், ஒருவர் இன்னொரு ஜனாதிபதிக்கு மருமகன் முறை உறவினர். துப்பாக்கியைவிடப் புள்ளடி பெரிது என்று அந்தக் கட்சியே படித்துக்கொண்டிருக்கிறது என்றால், எங்கள் பையன்கள் படிக்க மாட்டார்களா? அவர்கள் இந்த முறை சங்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, தங்களுக்குப் பிடித்ததைப் போட்டார்கள். ஒரே காம்பிராவில் அப்பா ஒருவருக்கு, மகன் ஒருவருக்கு, மருமகள் இன்னொருவருக்கு. அதற்காக வீட்டில் அடிதடி இல்லை, கொஞ்சம் முறைப்பு, அப்புறம் எல்லாரும் ஒரே சட்டியிலிருந்துதான் சாப்பிட்டார்கள். ஒரு தோட்டம் முழுவதும் ஒரே சின்னத்துக்குக் கட்டுக்கட்டாக விழுந்த காலத்தைப் பார்த்தவள் நான். யாருக்கு விழுந்தது என்பதைவிட இதுதான் எனக்குச் சந்தோஷம்.

ஒரு எண் மட்டும் இன்னும் உறுத்துகிறது. இந்தத் தேர்தலில் செல்லுபடியாகாமல் போன வாக்கு 300,300. மூன்று லட்சத்து முன்னூறு. திருத்தும்போது கணக்குச் சரியாக இருந்தும் விடையைத் தப்பான இடத்தில் எழுதிய தாளைப் பார்த்தால் வருகிற வயிற்றெரிச்சல் எனக்கு. அதில் எங்கள் மலையிலிருந்து எத்தனை என்று தெரியாது. ஆனால் அம்மாவின் வயதில், எழுத்துத் தெரியாமல், நடுங்கும் கையோடு இரண்டு இடத்தில் புள்ளடி போட்டுவிட்டு, என் கடமையைச் செய்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தவர்கள் அதில் இருப்பார்கள். நாற்பது வருடம் வாக்கு இல்லாமல் இருந்துவிட்டு, கிடைத்ததை இப்படி இழக்கலாமா?

பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். 2024 நொவெம்பர் 14ஆம் திகதி பொதுத்தேர்தல். அந்தச் சீட்டு வேறு மாதிரி, கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் அந்தக் கட்சியின் பட்டியலில் உள்ளவர்களுக்கு மூன்று விருப்பு வரை. இப்போதே பலருக்குக் குழப்பம். அதனால் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மாதிரிச் சீட்டு வரைந்து வைத்திருக்கிறேன். சின்னத்துக்குப் பதிலாகக் கத்தரிக்காய், பூசணிக்காய், முருங்கைக்காய். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. துணிக்கடைப் பையன் லீவு போட்டுவிட்டு உதவிக்கு வருகிறேன் என்றிருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில். பக்கத்துத் தோட்டங்களில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் வரலாம், பென்சில் நான் தருவேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பூசணிக்காய்க்குத்தான் போடுவாராம், இப்போதே சொல்லிவிட்டார். வாக்கு இரகசியம் என்பதிலிருந்துதான் வகுப்பைத் தொடங்க வேண்டும் போலிருக்கிறது.

வணக்கம்.